தனி ஆளுக்கு ஒரு பெரட்டு

தம்பி, உன் எஸ்.எம்.எஸ்ஸைத் தப்பாக வாசித்துவிட்டு ஒரு கிழமை முழுக்க நான் மாணிக்கக்கல் முதலாளியின் அப்பாவாகத் திரிந்த கதையை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கை, கால் வைத்துச் சொல்வார்கள். நம் போன்களில் தமிழ் வராது. இங்கிலீசு எழுத்தில்தான் தமிழை அடிப்போம். "அப்பா, கொழும்பு வேலைய விட்டுட்டேன். தனியா ஒரு கேம் செய்யப்போறேன். வீட்டுக்கு வர்றேன்" என்று நீ அனுப்பியிருந்தாய். அந்தக் 'கேம்' என்ற சொல்லை நான் ஜெம் என்று வாசித்தேன். என்மேல் பெரிய குற்றம் சொல்ல முடியாது. கொடகவெலயிலிருந்து பெல்மதுளை வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் கடைப் பலகைகளில் ஜெம், ஜெம் என்றுதான் எழுதியிருக்கிறது. லொறி ஓட்டிக்கொண்டே எழுத்துக் கூட்டி நான் படித்த இங்கிலீசு அவ்வளவுதான். எழுத்து கொஞ்சம் முன்பின்னாக இருந்தது கண்ணில் பட்டது. பையன் அவசரத்தில் அடித்திருப்பான் என்று நானே திருத்திக்கொண்டேன்.

பெல்மதுளைச் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற ரஸீன் நானாவிடம் முதலில் சொன்னேன். அவருடைய மச்சான் கல் வியாபாரி. நீ பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று அவர்கள் இரண்டு பேரும் என்னோடு வந்து நின்றார்கள், மச்சான் கையில் லென்ஸோடு. உன் தோளில் ஒரு கறுப்புப் பை.

"தம்பி, கல்லு எங்க ஈக்குது? வெளிய எடுக்க வாணாம். பைக்குள்ளயே காட்டுங்க" என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தி.

"என்ன கல்லுப்பா?" என்று நீ என்னைக் கேட்டாய்.

"ஜெம் செய்யிறேன்னு நீதானே அனுப்பின?"

"ஐயோ அப்பா, கேம்! போன்ல விளையாடுறது!"

மச்சான் லென்ஸை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரஸீன் நானா மட்டும் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு, "பரவால்ல அண்ணே, ரெண்டும் தோண்டுற வேலதான்" என்றார். பிறகு கடைக்குள் போய்ச் சிரித்தார். அந்தச் சத்தம் சந்தி முழுக்கக் கேட்டது.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், உன் கேம் வெளியே வந்ததிலிருந்து நம் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே கேள்வி. "எங்க பையனும் கேம் செய்யணுங்கிறான், அதுக்கு என்னா படிக்கணும்?" என்று லொறியை மறித்துக் கேட்கிறார்கள். பாடசாலை மலருக்கு இதைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று அதிபர் உன்னைத் தேடினார். நீ கொழும்பில் அடுத்த கேமுக்குள் முங்கிக் கிடக்கிறாய், அதனால் அது என் தலையில் விழுந்தது. கட்டுரை எனக்கு வராது. ஓ.எல் பரீட்சையிலேயே கட்டுரையை விட்டுவிட்டுக் கடிதத்தைத் தெரிந்தெடுத்து, அதிலும் யாருக்கு எழுதுகிறேன் என்பதைப் போடாமல் விட்டவன் நான். இந்த முறை அந்தத் தவறு இல்லை. உனக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று வாசித்துக்கொள்ளட்டும். பிழை இருந்தால் நீ வந்து திருத்து.

நீ வீட்டுக்கு வந்த கையோடு நான் தோட்டத்தை நடத்துகிற தொரையைப் போய்ப் பார்த்தது உனக்குத் தெரியும். தோட்ட ஆபீசில் ஒரு கிளாக்கர் ஓய்வு பெறப்போகிறார் என்ற பேச்சு அடிபட்டது. நம் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பிள்ளை அந்த ஆபீசுக்குள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நானெல்லாம் அதற்குள் போவதென்றால் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் போவேன். தொர நல்ல மனுசன். சிங்களத்தில் பாதி, தமிழில் பாதியாகப் பேசுவார். "ஹரி ஹரி, சரி டிரைவர், மகன்கிட்ட கேளுங்க. அவுருது வரைக்கும் அந்த இடம் நான் வச்சிருக்கிறது. அதுக்குப் பிறகு வேற ஆள்" என்றார். மழைக்காலத்திலிருந்து சித்திரைப் புத்தாண்டு வரைக்கும் தவணை. நான் பறந்து வந்து உன்னிடம் சொன்னேன். நீ கலண்டரை எட்டிப் பார்த்தாய். பிறகு, "அவுருது வரைக்கும் என்னை விடுங்கப்பா. அதுக்குள்ள கேமை முடிச்சு, கொழும்புல ஒரு கம்பெனி எடுத்துக்கிட்டா சரி. எடுக்காட்டி நானே வந்து அந்த நாற்காலியில உக்காந்துக்கிறேன்" என்றாய். அம்மாவைச் சாட்சியாக வைத்து அப்படி ஒத்துக்கொண்டோம். அந்த மாதங்களில் உன் கண் கொம்பியூட்டரில், என் கண் கலண்டரில்.

கேம் என்றால் துவக்குச் சூடு, சண்டை என்று நான் நினைத்திருந்தேன். நீ செய்தது கொழுந்து லொறி. மலையிலிருந்து பச்சைக் கொழுந்தை ஏற்றி, வளைவுகளில் இறங்கி, தேயிலை ஆலையான ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதித்தால் சாக்குக்குள் கொழுந்து வெந்து சிவந்துவிடும். வேகமாகப் போனால் வளைவில் சாக்கு விழும். அவ்வளவுதான் விளையாட்டு. முதல் தடவை அந்தச் சின்னத் திரையில் நம் லொறி குலுங்கிக் குலுங்கி இறங்குவதைப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு குறையும் கண்டுபிடித்தேன். "டிரைவருக்கு மீசை இல்லையே?" நீ பொறுமையாகக் காட்டினாய்: அந்தத் திரையில் டிரைவரின் தலையே நாலைந்து புள்ளிதான், அதில் மீசை வைத்தால் முகம் இருக்காது. சித்திரம் என்றால் எல்லாவற்றையும் வரைவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ எதை விட்டாலும் லொறி லொறியாகத் தெரியும் என்று ஒவ்வொரு புள்ளியாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். கணக்கு, சித்திரம், ஹோர்ன் சத்தம், அதைக் கொண்டுபோய் விற்கிற வாய், எல்லாம் ஒரே ஆளிடம் இருக்க வேண்டிய வேலை இது. கொழும்பில் இதற்கு அறை அறையாக ஆள் இருந்தார்கள் என்றாய். இங்கே நீ மட்டும்தான் எல்லா அறையும்.

அந்தத் தனிமைதான் முதலில் உன்னை மடக்கியது. ஒரு நாள் விடிய விடிய உட்கார்ந்திருப்பாய், அடுத்த நாள் பகல் முழுக்கப் போர்வைக்குள். ஒரு நாள் ரோடு செய்வாய், மறுநாள் அதை அப்படியே போட்டுவிட்டு மேகத்துக்கு நிறம் பார்ப்பாய். "என்னடா செய்ற?" என்றால் "எல்லாம்தாம்பா" என்பாய். எனக்கு உள்ளுக்குள் ஒன்றும் புரியவில்லை, கொம்பியூட்டர் வேலை இப்படித்தான் போலிருக்கிறது என்று சும்மா இருந்தேன். அம்மா சும்மா இருக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுத்து மலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டே உன் போர்வையை இழுத்தாள்.

"பெரட்டுக்கு வா."

"என்னம்மா பெரட்டு? நான் என்ன தோட்டத்துலயா வேலை செய்றேன்?"

"எங்கள கங்காணி கூப்பிட்டு எந்த மலைன்னு சொல்றாரு. உனக்கு யாரு சொல்றா? சொல்லு, இன்னைக்கு எந்த மலை?"

நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ரெண்டாவது வளைவு" என்றாய்.

"சரி. ரெண்டாவது வளைவு. மேகம் கீகம்னு போன, பாரு."

அன்று சாயந்திரம் வந்து கூடையை இறக்கியதும் கேட்டாள்: "முழுப் பேரா, அரைப் பேரா?" தோட்டத்தில் குறித்த அளவு கொழுந்து எடுத்தால்தான் ஒரு நாள் பேர் முழுதாக விழும், குறைந்தால் அரைப் பேர். வளைவு பாதிதான் ஆகியிருந்தது. "அரைப் பேரு" என்று நீயே சொன்னாய். அரைப் பேருக்கு உனக்கு மீன் பொரியல் கிடையாது என்று அம்மா சட்டம் போட்டாள், சட்டம் போட்ட கையாலேயே பொரியலையும் வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் பெரட்டு தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை என்பதையும் அவள்தான் கட்டாயமாக்கினாள். தனியாக வேலை செய்கிற ஆளுக்குக் கங்காணியும் அவனே, ஆளும் அவனே. ஆள் தூங்கினால் கங்காணியும் கூடவே தூங்கிவிடுகிறார், அதுதான் தொல்லை. எங்களைக் கேட்கிற பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கொம்பியூட்டர் வாங்கிக் கொடுக்கிறீர்களோ இல்லையோ, காலையில் எந்த மலை என்று கேட்க ஒரு ஆளை வையுங்கள்.

அடுத்ததாக என் பங்கு. இதை எழுதும்போது அம்மா பக்கத்தில் நின்று, "எழுதுங்க, எழுதுங்க, ஒன்னையும் விடாம எழுதுங்க" என்கிறாள். நீ மரியாதைக்காக என்னிடம் யோசனை கேட்டாய். "அப்பா, நீங்கதானே நிஜமா ஓட்டுறவங்க, என்ன சேர்க்கலாம்?" என்றாய். கேட்டிருக்கக்கூடாது. நான் தோட்ட லொறியைப் பற்றித் தெரிந்த அத்தனையையும் இறக்கினேன். காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேட்டில் கியர் மாற்ற வேண்டும். நிறுவையிடத்தில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சாக்காக எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுத்து இடம் கொடுக்க வேண்டும். "டயர் பஞ்சர் ஆனா கேமும் நிக்கணும்டா, அதுதான் நியாயம்" என்றேன். நீ நான் சொன்னது ஒவ்வொன்றையும் செய்தாய். தீபாவளி போய் மார்கழியும் வந்தது. எனக்கு அந்தக் கேம் அவ்வளவு பிடித்திருந்தது. வேலை முடிந்து வந்து, திரும்ப வேலைக்குப் போன மாதிரியே இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ரஸீன் நானாவின் கடைக்குப் போனோம். போன் திருத்த வந்து காத்திருக்கிறவர்களிடம் கொடுத்தோம். நானும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பாராட்டுக்குத் தயாராக உட்கார்ந்தேன். முதலாவது ஆள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் நிறுவையிடம் வரைக்கும் போனார். கணக்கப்பிள்ளை சாக்கு எழுத ஆரம்பித்ததும் நானாவைப் பார்த்து, "நானா, மேக்க வெடத, செல்லமத? வேலைன்னா சம்பளத்தக் குடுங்க, செய்றேன்" என்றார். வேலையா விளையாட்டா என்று கேட்கிறார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் அவருக்குக் கியர் மாற்றுவதன் அவசியத்தை விளக்க எழுந்தேன். நீ என் கையைப் பிடித்து உட்காரவைத்தாய்.

"அண்ணே, மகன் செஞ்சது கேமு. நீங்க செஞ்சது டிரைவிங் ஸ்கூலு" என்றார் ரஸீன் நானா.

பஸ்ஸில் திரும்பும்போது நீ வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். காவத்தை தாண்டியதும், "எல்லாத்தையும் எடுக்கணும்பா" என்றாய். "ரேடியேட்டர மட்டும் வச்சுக்கலாமே?" என்றேன். "அப்பா, போனுக்குள்ள இடமும் இல்ல. இவ்வளவு பெரிசா இருந்தா பாதிப் போன்ல ஏறவே ஏறாது." எனக்கு அப்போதுதான் சிவனொளிபாதமலை ஞாபகம் வந்தது. நீ சின்னப் பிள்ளை, இரத்தினபுரிப் பக்கத்து வழியால் குடும்பமாக ஏறினோம். வழியில் எது தேவைப்படுமோ என்று நான் மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, தேங்காய் துருவுகிற திருவலைக்கட்டை எல்லாம் மூட்டை கட்டித் தூக்கி வந்தேன். மலையில் யார் தேங்காய் துருவப்போகிறார்கள் என்று அம்மா கேட்டதற்கு, "தேவைப்பட்டா?" என்றேன். பாதிகூட ஏறவில்லை, முழங்கால் ஆட ஆரம்பித்தது. ஒரு தேநீர்க் கடைக்காரர் என் மூட்டையைப் பார்த்துவிட்டு, "அய்யே, கே மாறு கரனவத?" என்று கேட்டார், வீடு மாறுகிறீர்களா என்று. திருவலைக்கட்டையை அவரிடமே கொடுத்துவிட்டேன். அடுப்பை வேறொரு கடையில். உச்சிக்குப் போனபோது என் கையில் இருந்தது உன் கை மட்டும். சூரியன் வந்தது, பார்த்தோம். ஒன்றும் குறையவில்லை. இதை உனக்கு பஸ்ஸில் சொன்னேன். நீ சிரித்துவிட்டு, "ரேடியேட்டர்தாம்பா திருவலைக்கட்டை" என்றாய். அதற்குப் பிறகு நான் மறுக்கவில்லை.

செய்ததை எடுத்துப் போடுவது செய்வதைவிடக் கஷ்டம் என்று உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மீசையே இல்லாத டிரைவருக்கே எனக்கு வருத்தம்; நீ நாள்கணக்காக உட்கார்ந்து செய்த கணக்கப்பிள்ளையை ஒரு காலையில் அழித்தாய். அம்மாவின் பெரட்டில் அன்று, "இன்னைக்கு மலை இல்லம்மா, கவ்வாத்து" என்றாய். கவ்வாத்து வெட்டினால்தான் தேயிலை திரும்பத் துளிர்க்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "நல்லா வெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெட்டி முடிந்த கேமை முதலில் அவளிடம்தான் கொடுத்தாய். அவள் வாழ்க்கையில் விளையாடிய முதல் கேம் அது. போனை இரண்டு கையாலும் விளக்கைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டாள். நீ அவள் தோளுக்கு மேலே குனிந்து நின்றாய்.

"அம்மா, ஆறாம் பட்டன அமுக்குங்க. ஆறு! இப்ப நாலு. வளைவு வருது, வளைவு வருது, பிரேக்கு! ஐயோ, அஞ்சும்மா!"

சாக்கெல்லாம் பள்ளத்தில். அம்மா போனைக் கீழே வைத்தாள். "நான் ஒன்னு கேக்குறேன். இதை வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் நீ போயி, இப்படி முதுகுக்குப் பின்னால நின்னு கத்துவியா?"

"இல்லம்மா, அதுக்கு எழுதிப் போட்டிருக்கேன்..."

"இங்கிலீசுல. எனக்கு."

"தமிழ் எழுத்து போன்ல வராதும்மா."

"அப்ப எழுதாத. நான் கொழுந்து எடுக்கப் போன மொத நாளு யாரும் எனக்கு எழுதிக் குடுக்கல. பக்கத்து நெறையில நின்னவ கையப் பாத்தேன்."

மறுநாள் எழுத்தெல்லாம் போய்விட்டது. அதற்குப் பதில் முதல் வளைவில் ஒரு அம்பு மட்டும் மினுங்கியது, அந்த வளைவில் எப்படித் திருப்பினாலும் சாக்கு விழாது. இரண்டாவது வளைவுக்குப் போகும்போது கை தானாகப் பழகியிருந்தது. சிங்களம் தெரிந்தவர், தமிழ் தெரிந்தவர், இரண்டும் வாசிக்கத் தெரியாதவர் எல்லாரும் விளையாடலாம். நீ திரும்ப அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இந்த முறை வாயைக் கையால் பொத்திக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்தாய். ஒருவன் தான் செய்ததை இன்னொருவர் தப்பாகப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று அன்றைக்கு உன் கழுத்து நரம்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மா ஸ்டோர் வரைக்கும் போனாள். போய்ச் சேர்ந்ததும், "இவ்வளவுதானா? அடுத்த லோடு இல்லையா?" என்றாள். நீ எழுந்து அறைக்குள் போய்விட்டாய். அழுதாயா சிரித்தாயா என்று நான் கேட்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, ஒரு போனில் ஓடுகிற கேம் இன்னொரு போனில் ஓடாது என்று. திரை சின்னதாக, பெரிதாக, நீளமாக. ஒவ்வொரு கம்பெனி போனும் ஒவ்வொரு குணம், சம்பந்தி வீட்டார் மாதிரி. எல்லா வகைப் போனும் வாங்க நாம் எங்கே போவது? நான் லயம் லயமாகப் போய் ஒரு ஞாயிறு சாயந்திரம் போன்களை இரவல் கேட்டு வந்தேன். மேசை முழுக்கப் போன்கள், ஒவ்வொன்றிலும் நம் லொறி. நடுவில் ஒரு போன் அடித்தது. நான் எடுத்து "ஹலோ" என்றதும், அந்தப் பக்கத்துப் பெண், "யாருய்யா நீ? என் புருசன் போன்ல என்னா செய்ற?" என்று பிடித்துக்கொண்டாள். "கேம் விளையாடுறோம்மா" என்றேன். அதற்கு அவள் சொன்னதைப் பாடசாலை மலரில் எழுத முடியாது. மிச்ச வகைப் போன்களை ரஸீன் நானா தன் கடையிலிருந்து கொடுத்தனுப்பினார். "திருத்த வந்த போனு, கவனம் தம்பி. லொறிய பள்ளத்துல விட்டாலும் போன விட்டுறாதீங்க" என்றார்.

மாசியில் நீ கொழும்புக்கு எடுத்துக்கொண்டு போனாய். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நேரம் ஒரு தமிழ்ப் பையன் பை நிறையப் போனும் வயருமாகக் கொழும்புக்குள் போவது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா சாப்பிடவில்லை. நீ திரும்பி வந்துதான் சொன்னாய்: சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னார்களாம். ஒரு போனில் லொறியைக் காட்டி, நானே செய்தது என்று சிங்களத்தில் சொன்னாயாம். அந்த ஆமிக்காரர் வாங்கி இரண்டு வளைவு ஓட்டிவிட்டு, "அபே கமேத் மெஹெம பாரக் தியெனவா", எங்கள் ஊரிலும் இப்படி ஒரு ரோடு இருக்கிறது என்று சொல்லிப் போக விட்டாராம். அவரைத் தாண்டினாய். கம்பெனியைத் தாண்ட முடியவில்லை. அவர்கள் சோதித்த ஒரு போனில், மூன்றாவது வளைவில், லொறி அப்படியே நின்றுவிட்டது. அதிகமாக விற்கிற போன் அதுதானாம். சரிசெய்துகொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். வந்தால் எடுப்போம் என்று சொல்லவில்லை.

வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். அவுருது கிட்ட வந்துவிட்டது. நான் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "நாற்காலி இருக்குடா. தொர நேத்தும் கேட்டாரு" என்றேன். காலையில் அம்மா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அன்றைக்கு அவள் போர்வையை இழுக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"இன்னைக்கு எந்த மலை?"

மலைக்கு நேரமாகிறது, அவள் அசையவில்லை. கடைசியில் போர்வைக்குள்ளிருந்து நீ சொன்னாய்: "போன மலைதாம்மா. திரும்ப."

"திரும்பப் போறதுல என்ன? மிச்சம் விட்டுட்டு வந்தா எங்களையுந்தான் அனுப்புறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ எழுந்து முகம் கழுவினாய். அந்தப் போனை ரஸீன் நானாவிடம் இரவல் வாங்கி வந்து, அந்த ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாய். அரைப் பேர், அரைப் பேர் என்று நாள் போனது. ஒரு நாள் நான் லொறியை விட்டுவிட்டு வரும்போதே அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்: "ஏங்க, முழுப் பேரு!"

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து இந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல் என்றால், பாதிதான் என்னால் சொல்ல முடியும். மீதியை நீ திரையில் வரி வரியாக எழுதினாய், அது எனக்கு விளங்காது. எனக்குத் தெரிந்த பாதி இது: படிப்பு வேண்டும், அதை நீ கொழும்பில் படித்தாய். பிறகு உன்மேல் பிரியமுள்ளவர்கள் சொல்வதில் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று தெரிய வேண்டும். கேட்காமல் விடும்போது அவர்கள் மனம் நோகாமல் விடவும் தெரிய வேண்டும். என் ரேடியேட்டரை நீ எடுத்த விதம் அப்படி. இப்போது புதுக் கேம் செய்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அறையில் பனிஸ் தின்று நாளை ஓட்டாதே. முதுகை நிமிர்த்தி உட்கார். நான் எத்தனை வருசம் லொறி சீட்டில் கூனி இருந்து இப்போது எண்ணெய் தேய்க்கிறேன், உனக்குத் தெரியும். அம்மா காலையில் போன் எடுத்து எந்த மலை என்று கேட்டால், "அம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடாதே. அவள் அதை அரைப் பேராக எழுதிக்கொள்கிறாள். இந்த முறை யோசனை கேட்டு எனக்குப் போன் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் பரவாயில்லை.

அவுருதுவுக்கு முந்திய கிழமை நீ இரண்டாம் முறை கொழும்புக்குப் போயிருந்தபோது, நான் கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "அப்பா, எடுத்துக்கிட்டாங்க. இன்னும் ரெண்டு கேமுக்கும் கேட்டிருக்காங்க. இங்கயே அறை பாக்கணும்" என்றாய். நான் மலைக்குக் கேட்கிற மாதிரி ஹோர்ன் அடித்தேன். அம்மா மேலே தேயிலை நிறையில் நின்று கையை ஆட்டினாள். ஹோர்ன் சத்தத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. லோடை இறக்கிய பிறகு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

"சேர், மகனுக்கு அந்த நாற்காலி தேவைப்படாதுங்க."

"நல்லா யோசிச்சா டிரைவர்? நாளைக்கே வேற ஆளுக்குக் குடுக்கிறது."

"குடுத்துருங்க சேர்" என்றேன், பெரிய கிளாக்கருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. அதில் எனக்கு ஒரு பெருமை. இப்போது அங்கே கொடகவெலயிலிருந்து வரும் ஒரு பிள்ளை வேலை செய்கிறாள், கெட்டிக்காரி, என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறாள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தம்பி, கிளாக்கர் என்ற கௌரவத்துக்காகத்தான் நான் உன்னை அங்கே உட்காரவைக்கப் பார்த்தேன் என்று நீயும் அம்மாவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டி வந்தேன். அந்த நாற்காலி ஜன்னல் ஓரம் கிடக்கிறது. தினமும் ஆபீசுக்குப் பக்கத்து ஸ்டோரில் கொழுந்து இறக்க நான் லொறியைப் பின்னால் எடுக்கும்போது அந்த ஜன்னல் என் பக்கத்துக் கண்ணாடியில் விழும். நீ அங்கே இருந்தால், குனிந்து எழுதிக்கொண்டிருக்கிற உன் தலை அந்தக் கண்ணாடியில் தெரிந்திருக்கும்.